ஆலயம் திறந்தது, ஊர் திறக்கவில்லை: முள்ளிக்குளமும் கிறிஸ்தவ எதிர்நோக்கும்

மன்னார் மாவட்டத்தின் தென் அந்தத்தில், முசலிப் பிரதேச செயலகப் பிரிவில், வில்பத்துக் காட்டை அண்டிய கடலோரக் கத்தோலிக்க ஊர் முள்ளிக்குளம். கடலும் குளமும் சேர்ந்து சோறு போட்ட ஊர். 2007 செப்டெம்பரில் படையினர் அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினர். பின்னர் ஊர் கடற்படையிடம் போயிற்று. வடமேற்குக் கடற்படைக் கட்டளையகம் அங்கேயே நிறுவப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகும் மக்கள் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. 2012இல் ஒரு தொகுதியினர் பக்கத்திலுள்ள மலங்காட்டில் பற்றை வெட்டிக் கொட்டில் போட்டனர்; வேறு சிலர் காயாக்குழியில் ஒதுங்கினர். அந்த ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை, பரலோக மாதா ஆலயத்துக்குக் கடற்படையின் அனுமதியோடு போய்ப் பூசை கண்டுவிட்டு வரலாம் என்பதே. பூசை முடிந்ததும் வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும். வேலிக்குள் குடியிருக்கத்தக்கதாக எஞ்சிய அவர்களுடைய வீடுகளில் கடற்படையினரின் குடும்பங்கள் இருந்தன.

அரசு ஏன் ஆலயத்தை முதலில் திறந்தது என்ற கேள்வியிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. சமயத்துக்கு மதிப்புக் கொடுத்ததாக அதைப் படிக்கலாம். அப்படிப் படித்தவர்களும் உண்டு. நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஒரு சமூகத்தின் வழிபாட்டை அனுமதித்துவிட்டு அதன் காணியை வைத்துக்கொள்ள முடியும் என்றால், அந்த வழிபாடு ஆட்சிக்கு இடைஞ்சல் தராத ஒன்று என்று ஆட்சி கணக்குப் போட்டிருக்கிறது என்பது பொருள். இந்தக் கணக்கு முள்ளிக்குளத்தில் ஓரளவு பிழைத்தது. எப்படிப் பிழைத்தது, எங்கே பிழைக்கவில்லை என்பதில்தான் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் நாட்டு, சமூக மாற்றத்துக்கும் உள்ள உறவு பற்றி இக்கரை நமக்குச் சொல்லக்கூடியது இருக்கிறது. மன்னார்க் கரையில் கிறிஸ்தவ எதிர்நோக்கு எண்ணிக்கையாகவும் ஏக்கராகவும் பேசியபோது பலன் தந்தது. தனக்கு ஒதுக்கிய வழிபாட்டு நேரத்தோடு நின்றபோதும், தன்னுடையவர்களை மட்டுமே எண்ணியபோதும் சோர்ந்தது. இதுவே என் வாதம்.

முதலில் இழந்தது எது என்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். கரைவலை வளைப்பவருக்குக் கடற்கரை வெறும் மணல்வெளியாகத் தெரியாது. வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் அரைவட்டமாகக் கடலுக்குள் போகும். மடியை ஆழத்தில் இறக்கி மறுபக்கக் கயிற்றோடு கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். அடியில் பாறை தட்டாத, நீரோட்டம் ஒத்துழைக்கிற இடத்தில்தான் இது நடக்கும். அந்த இடத்துக்குத்தான் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் யார், எந்த முறையில் வளைப்பது என்பது தலைமுறைகளாக ஊரார் பேசித் தீர்த்து வைத்த உரிமை. பட்ட மீனைச் சம்மாட்டி, வள்ளம், வலை, இழுத்த ஆள் என்று பங்கு பிரிப்பார்கள். ஆலயத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது இலங்கையின் கத்தோலிக்க மீனவக் கரைகளில் பழைய வழக்கம். ஆகவே கடற்படை கரையைக் கட்டுப்பாட்டில் எடுத்தபோது தொழிலும் முறையும் கோயில் பங்கும் ஒன்றாகவே அறுந்தன. ஊரின் குளங்களும் வயல்களும் போனது இதற்கு மேல். ஞாயிற்றுக்கிழமைப் பூசை இந்தக் கட்டு முழுவதிலும் ஓர் இழை. அந்த ஓர் இழையை மட்டும் திருப்பிக் கொடுத்துச் சமய சுதந்திரம் வழங்கிவிட்டதாகச் சொல்வது எவ்வளவு பெரிய சுருக்கம் என்பதை இங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

ஆனால் அந்த இழைக்கு ஆட்சி எதிர்பார்க்காத வலு இருந்தது. முள்ளிக்குளம் ஆலயத்தின் பாதுகாவலி விண்ணேற்பு அன்னை. திருநாள் ஆகஸ்ட் 15. உலகெங்கும் கத்தோலிக்கர் அன்று வாசிக்கும் நற்செய்திப் பகுதி லூக்கா முதலாம் அதிகாரத்தில் வருவது: கருவுற்ற மரியா எலிசபெத்தைச் சந்தித்துப் பாடும் பாடல். அரியணையில் இருப்போர் இறக்கப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் பசித்தோர் நிறைவதையும் அது பேசுகிறது. கடற்படைத் தளத்தின் வேலிக்குள், படையினர் அனுமதித்த நேரத்தில், காணி இழந்த மக்கள் நடுவே இந்தப் பகுதி வாசிக்கப்படுவது யாரும் திட்டமிட்ட அரசியல் செயலன்று. வழிபாட்டு நாள்காட்டி தானாகக் கொண்டுவந்து வைப்பது. விடுதலை இறையியல் என்றதும் இலத்தீன் அமெரிக்காவின் மெடெலின் மாநாட்டையும் குஸ்தாவோ குத்தியேரஸையும் தேடிப்போகும் நம் ஆய்வாளர்கள் இந்த நாள்காட்டியைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை.

இலங்கைக்குள்ளேயே இதற்கு ஓர் இறையியல் பின்னணி உண்டு. அமல மரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரியா 1990இல் வெளியிட்ட ‘மரியாவும் மனித விடுதலையும்’ என்ற ஆங்கில நூல், பணிவின் சின்னமாகவே வழங்கிவந்த மரியாவை ஏழைகளோடு நின்ற உழைக்கும் பெண்ணாகத் திரும்பப் பார்க்கச் சொன்னது. அந்நூலின் கோட்பாட்டு நிலைப்பாடுகளுக்காக 1997 ஜனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்; ஓராண்டுக்குப் பின் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. கொழும்பில் நடந்த அந்தச் சர்ச்சை மன்னாரின் மீனவப் பெண்களை எட்டியிருக்க வேண்டிய தேவையில்லை. ஆனாலும் 2017இல் காணியைக் கேட்டுக் கடற்படைத் தளத்தின் முன் கொட்டகை போட்டு உட்கார்ந்த முள்ளிக்குளத்தாரில் பெண்களே முன்வரிசையில் இருந்தனர். மரியாவைப் பற்றி உரோமை விசாரித்த கேள்வியை அவர்கள் வீதியோரத்தில் உட்கார்ந்து எழுப்பினார்கள் என்று சொன்னால் அது மிகை ஆகாது.

அந்தப் போராட்டம் 2017 மார்ச் 23இல் தொடங்கியது. அது தவக்காலம். ஏப்ரல் 14 பெரிய வெள்ளி. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டும் அதே நாளில்தான் வந்தது. 16இல் உயிர்ப்புப் பெருவிழா. 29இல் கடற்படைத் தளபதி நேரில் வந்து, 100 ஏக்கரை விடுவிப்பதாகவும், கடற்படைக் குடும்பங்கள் இருக்கும் வீடுகளைச் சில மாதங்களில் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார். முப்பத்தெட்டு நாள் நடந்த போராட்டம் தவத்தையும் பாடுகளையும் உயிர்ப்பையும் தாண்டி வந்திருந்தது. இதில் தெய்வ சங்கேதம் எதையும் நான் தேடவில்லை. கூலித் தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வெயிலில் இருக்கிறவர்களுக்கு, ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் காட்டும் ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது. கட்சிகளிடம் அது இல்லை. தேர்தல் வந்தால்தான் அவர்களுக்கு நாள்காட்டி. பங்குத் திருச்சபையிடம் அது இருந்தது.

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இடிந்தகரையிலும் இதையே கண்டோம். 2011 முதல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் லூர்து மாதா ஆலயத் திடலில்தான் நிலைகொண்டது. அங்கும் பந்தல், செபம், பெண்கள், மீனவர். ஆனால் 2014 இறுதியில் முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. ஆலயத் திடல் போராட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும், முடிவைத் தீர்மானிக்காது.

அதைவிடப் பொருத்தமான ஒப்பீடு இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்த அத்தீவு மக்கள் தீவைத் திருப்பிக் கேட்டு ஏறத்தாழ ஓராண்டு போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக் கொடிகளோடு வள்ளங்களில் ஏறித் தாங்களாகவே தீவுக்குப் போனார்கள். இடிந்து கிடந்த தங்கள் ஆலயத்தில் செபித்தார்கள். பிறகு திரும்பி வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் அரசு இணங்கியது. முள்ளிக்குளத்தில் ஆட்சி வகுத்திருந்த விதி ‘செபித்துவிட்டுப் போ’ என்பது. இரணைதீவார் அந்த விதியின் முதற்பாதியை ஏற்று இரண்டாம் பாதியைக் கைவிட்டார்கள். வழிபாட்டு உரிமை காணி உரிமைக்கு வாசலாவது இந்த இடத்தில்தான். வாசலில் நின்றுவிட்டால் அது சலுகை மட்டுமே.

வேதாகமத்திலும் இதற்கு நெருங்கிய இடம் ஒன்று இருக்கிறது. காணி பறிப்பு என்றதும் மறையுரைகளில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் வரும். அது அநீதியைக் காட்டுமே தவிர எதிர்நோக்கைக் காட்டாது, நாபோத்து கல்லெறிபட்டுச் சாகிறான். எரேமியா நூலின் 32ஆம் அதிகாரம் வேறு. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அனத்தோத்தில் உள்ள ஒரு நிலத்தைப் பதினேழு வெள்ளிக்காசு நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். உறுதி எழுதி, சாட்சிகளைக் கையொப்பமிட வைத்து, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்சாடியில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். எதிரிப் படை நிற்கும் நிலத்துக்கு உறுதி முடிப்பது உலகக் கணக்கில் பைத்தியக்காரத்தனம். ஆனால் இறைவாக்கினர் கனவு சொல்வதோடு விடாமல் சாட்சி, விலை, முத்திரை, ஆவணம் என்று போகிறார். யூர்கன் மோல்ட்மன் 1964இல் எதிர்நோக்கின் இறையியலை எழுதியபோது வாக்களிக்கப்பட்ட எதிர்காலம் நிகழ்காலத்தோடு மோதுவதைப் பேசினார். அந்த மோதலுக்கு முசலியில் உள்ள வடிவம் காணிக் கச்சேரியும் பிரதேச செயலகமும்தான்.

இந்த வகை எதிர்நோக்கைத் தெளிவாகக் காட்டியவர் 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் அவர் வைத்த சாட்சியம் பெரும்பாலும் ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச செயலகங்களின் பதிவு சொன்னவர்கள் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவ்வளவு பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றார். அரசின் எண்களையே எடுத்து அரசிடம் கேட்டதால்தான் அந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ள முடியவில்லை. அவரைப் புகழ்ந்தவர்களும் வைதவர்களும் அவருடைய உணர்ச்சியைப் பேசினார்கள். அவரது வலிமை எண்ணில் இருந்தது என்பது என் கணிப்பு. 2021 ஏப்ரலில் அவர் இறந்தபோதும் அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை.

இனித் தேசம். தமிழ்க் கிறிஸ்தவர் தமிழ்த் தேசிய அரசியலில் தலைமை ஏற்றது புதிதன்று. 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவியவர்களில் முதல்வரான செல்வநாயகம் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று கடைசிக் காலத்தில் அவர் சொன்னதாக நம்மிடையே வழங்கும் கூற்றை விசுவாசத்தின் சொல்லாகவும் எடுக்கலாம், அரசியலின் களைப்பாகவும் எடுக்கலாம். ஆனால் மன்னார்க் கத்தோலிக்கரின் நினைவில் தேசத்தோடு முழுதும் ஒட்டாத ஒரு முள் கிடக்கிறது. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி, மன்னார்த் தீவில் மதம் மாறிய சில நூறு பேரைக் கொன்றான். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களை நினைவுகூருகிறது. யாழ்ப்பாணத்தில் குதிரையேறி நிற்பது அப்பெயருடைய பிற்கால அரசனின் சிலை. போர்த்துக்கேயருக்கு அடங்காத கடைசித் தமிழ் மன்னனாக அவனைப் போற்றுகிறோம். இரு சங்கிலிகளும் பொது நினைவில் ஒருவராகிவிடுவது சகஜம். மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவருக்கு இந்தப் பெயர் இரு பக்கமும் கூர் உள்ளது: தன் இனத்தின் அரசன், தன் முன்னோரின் கொலைஞன். இதை மறைக்கத் தேவையில்லை. போர்த்துக்கேயப் பீரங்கியோடு வந்த சமயம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. எந்தத் தேசத்தையும் இறையாட்சியோடு ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உள்ளூர்ப் பாடம் மன்னாருக்குக் கிடைக்காது.

தென்னிலங்கைப் பக்கம் திரும்பினால் நிலைமை இன்னும் சங்கடமானது. சிங்களவரும் தமிழரும் பெரும் எண்ணிக்கையில் ஒரே சபையில் இருப்பது இந்த நாட்டில் கிறிஸ்தவத்தில்தான். மடுத் திருவிழாவுக்கு இரு மொழியாரும் வருகிறார்கள். சிலாபம், நீர்கொழும்புக் கரைகளில் இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் தமிழில் செபித்தவர்கள். கடந்த நூற்றாண்டின் பாடசாலைக் கல்வி மொழியை மாற்றியது. அந்தக் கரைகளின் மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் மன்னார்க் கடலுக்கு வந்து வாடி போடுகிறார்கள். இத்தனை உறவிருந்தும் முள்ளிக்குளம் நீர்கொழும்பின் கவலையாகவில்லை. 2012இல் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றித் தீர்மானம் கொண்டுவந்தபோது மன்னார் ஆயரும் வடக்குக் குருமார் பலரும் அதை எழுத்தில் ஆதரித்தனர். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அதை வெளித் தலையீடு என்று எதிர்த்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. உள்நாட்டு விசாரணைகளில் நம்பிக்கை இழந்த கர்தினால் 2022 மார்ச்சில் அதே பேரவையின் முன் நீதி கேட்டு நின்றார். இதைக் குத்திக்காட்டுவது எளிது. உள்நாட்டில் நீதி கிடைக்காதவர் வெளியே போய்க் கேட்பது துரோகமில்லை என்பதைத் தென்னிலங்கைத் திருச்சபை தன் பிள்ளைகளின் பிணங்களைப் புதைத்துத்தான் அறிய வேண்டியிருந்தது என்பது மட்டும் என் வருத்தம். அந்த அறிவை வடக்கின் பக்கமாக நீட்டினால் ஒரே சபை என்ற பேச்சுக்குப் பொருள் வரும்.

கடைசியாக, இந்த எதிர்நோக்குக்கு மிகக் கடினமான சோதனை கொழும்பில் இல்லை; முள்ளிக்குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முசலியில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஊரார் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் அனைவரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். போருக்குப் பின் திரும்பி வந்தபோது அவர்களுடைய காணிகளில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் அதன் ஒரு பகுதி வர்த்தமானியில் காடாகவே பதிவாகியது. 2017 மார்ச் 24இல், ரஷ்யப் பயணத்தில் இருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மாவில்லு பேணற் காடு என்ற பெயரில் சுமார் 40,000 ஹெக்டேரை ஒதுக்கும் வர்த்தமானியில் கையொப்பமிட்டார். முள்ளிக்குளத்தார் கடற்படைத் தளத்தின் முன் உட்கார்ந்த மறுநாள் அது. அவர்கள் ஓரிடத்தில் இருக்க, மறிச்சுக்கட்டி முஸ்லிம்களும் சில நாட்களில் வேறோர் இடத்தில் போராட்டம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு சிலாவத்துறையில் கடற்படை வைத்திருந்த காணிகளைக் கேட்டு முஸ்லிம்கள் மீண்டும் உட்கார்ந்தார்கள்.

ஒரே பிரதேச செயலகம், ஒரே வகை இழப்பு. காணியைப் பிடித்தது ஓரிடத்தில் கடற்படை, இன்னோரிடத்தில் வன இலாகா. ஆனால் கோரிக்கைகள் தனித்தனிக் கொட்டகைகளில் இருந்தன. காடு காக்கப்பட வேண்டும் என்ற கவலை பொய்யில்லை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இப்பகுதியில் அழித்த காட்டை மீண்டும் நடும்படி தீர்ப்பளித்ததும் உண்மை. ஆனால் எது பழைய குடியிருப்பு, எது புதிதாக வெட்டிய காடு என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டியது பதிவுகளும் பெயர்ப்பட்டியல்களும்தான். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த நிறுவனம் மன்னாரில் திருச்சபைதான். 1,46,679 என்ற எண்ணைக் கழித்துக் காட்டியது அதே திருச்சபை. 1990இல் தமிழர் பெயரால் நடந்த வெளியேற்றத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவரும் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணும் எனக்கு, அந்தக் கடனை அடைக்கும் வழி மன்னிப்பு அறிக்கைகளில் இருப்பதாகத் தோன்றவில்லை. முள்ளிக்குளத்தின் ஏக்கர்க் கணக்கோடு மறிச்சுக்கட்டியின் ஏக்கர்க் கணக்கும் ஒரே தாளில் வர வேண்டும்.

ஆகவே மன்னார் மறைமாவட்டத்துக்கும் முசலியின் பள்ளிவாசல்களுக்கும் என் வேண்டுகோள் இது: கடற்படையிடமும் வன இலாகாவிடமும் உள்ள குடிமக்களின் காணிகளை, உறுதி உள்ளவை, அனுமதிப்பத்திரம் உள்ளவை, அனுபவத்தால் மட்டும் உரிமை கொண்டவை என்று பிரித்து, ஊர் ஊராக ஒரு கூட்டுப் பதிவேடு தயாரியுங்கள். அதை இரு சமூகத்தாரும் சேர்ந்து பிரதேச செயலகத்திலும் பாராளுமன்றத்திலும் வையுங்கள். 1990இல் போனவர்களிடையிலும் 2007இல் போனவர்களிடையிலும் அப்போதைய ஊரைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்த வேலை தொடங்க வேண்டும்.